டிக்-டிக் கேட்டுச்சு, லைட் எரியல: அப்பா காரோட இண்டிகேட்டர் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் குறைச்சிருக்கோம்.)



இன்னைக்கு எபிசோடுல கோடு ஒரு வரி கூட கிடையாது. ஒரு பழைய கார், ஒரு ஸ்விட்ச், ஒரு ரிலே, நாலு பல்பு. அவ்வளவுதான் சாமான். ஆனா இத்தனை வருஷ சாஃப்ட்வேர் வேலையில நான் பார்த்த எந்த பக்கும் என்னை இந்த அளவுக்கு தொந்தரவு பண்ணல. காரணம் சிம்பிள். இந்த பக்கை உள்ள வச்சது நான். கீழ விழுந்தது வேற ஒரு பையன்.

முதல்ல இண்டிகேட்டர் நின்னுபோனா எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு சொல்றேன். அது உங்க எல்லாருக்கும் பயன்படும். அதுக்கப்புறம் என் தப்பு எங்க இருந்துச்சுன்னு சொல்றேன்.

போன் வந்த சனிக்கிழமை

எங்க ஊர் தேசூர். திருவண்ணாமலை மாவட்டம், வந்தவாசி பக்கம். ஆரணிப் பட்டுன்னு கடையில வாங்கறீங்களே, அந்தச் சேலைங்க ஆரணி டவுனுக்குள்ள மட்டும் நெய்யறது இல்ல. சுத்துவட்டார ஊர்கள்லயும் வீட்டுத் தறியில நெய்யறாங்க. எங்க வீட்ல ரெண்டு தறி. அது போக அப்பா பக்கத்து ஊர்கள்ல நாலு வீட்டுக்குப் பாவு கொடுத்து, நெஞ்ச சேலையை வாங்கிட்டு வருவார். மழையில பட்டு நனைஞ்சா பொழப்பு போச்சு. அதனால பைக்கை விட்டுட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். இப்ப அதுக்கு 14 வயசு. கம்பெனி பேரு வேண்டாம், ஏன்னா இந்தக் கதையில கார் மேல குத்தம் எதுவும் இல்ல.

ஒரு சனிக்கிழமை காலையில அப்பா போன் பண்ணார்.

"பாப்பா, இண்டிகேட்டர் வேலை செய்யல."

"எந்தப் பக்கம்பா?"

"ரெண்டு பக்கமும்தான். டிக்-டிக் சத்தமே இல்ல. இங்க ஒர்க்ஷாப்ல காட்னா, ஸ்டியரிங் பக்கத்துல இருக்கற ஸ்விட்ச்சை மொத்தமா மாத்தணும்ன்றாங்க. இன்னா பண்ணலாம்?"

நான் சென்னையில இருக்கேன். கையில காரும் இல்ல, டெஸ்ட் லேம்பும் இல்ல. ஆனா ஒண்ணு தெரியும். எதையும் மாத்தறதுக்கு முன்னாடி கேள்வி கேக்கணும். ஒவ்வொரு கேள்வியும் சந்தேகப்பட வேண்டிய இடத்தைப் பாதியா குறைக்கணும். நாம டீபக் பண்றதும் இப்படித்தான். தறியில இழை அறுந்தா அப்பா தேடறதும் இப்படித்தான். பாவு முழுக்கப் பார்க்க மாட்டார். விழுதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு முதல்ல பார்ப்பார்.

"அப்பா, சாவியை எடுத்துட்டு கார்ல உக்காருங்க. அம்மாவையும் கூப்பிட்டுக்கோங்க"ன்னேன்.

கரண்ட் போற பாதை

கேள்விக்குப் போறதுக்கு முன்னாடி பாதையைத் தெரிஞ்சுக்கணும். அப்பா கார் மாதிரி பழைய கார்கள் பலதுல இண்டிகேட்டர் கரண்ட் இப்படிப் போகும். பேட்டரியில கிளம்பி, சாவி ஆன் பண்ணதும் ஒரு ஃப்யூஸ் வழியா வரும். அடுத்து ஹசார்டு ஸ்விட்ச். அதாங்க, சிவப்பு முக்கோணம் போட்ட பட்டன். அடுத்து பிளாஷர் ரிலே. விட்டு விட்டு கரண்ட் கொடுத்து மின்ன வைக்கிறது இதுதான், டிக்-டிக் சத்தமும் இதோடதுதான். அப்புறம் ஸ்டியரிங் பக்கத்து லீவர். லீவரை எந்தப் பக்கம் தள்றோமோ அந்தப் பக்கத்து பல்புகளுக்குப் போய், பாடியில எர்த் ஆகி முடியும்.

இதுல பலருக்குத் தெரியாத விஷயம், சாதாரண இண்டிகேட்டர் கரண்டும் அந்த ஹசார்டு பட்டனுக்குள்ள புகுந்துதான் போகுது. பட்டன் ஆஃப்ல இருந்தா சாவி வழியா வர்ற கரண்ட் ரிலேவுக்குப் போகும். ஆன் பண்ணா பேட்டரியிலருந்து நேரா வர்ற கரண்ட் போகும். சாவி இல்லாமலே ஹசார்டு எரியறது இதனாலதான்.

புது கார் வச்சிருக்கவங்க கவனிங்க. உங்க கார்ல தனி ரிலே இல்லாம கூட இருக்கலாம். ஒரு கம்ப்யூட்டர் பெட்டியே எல்லாத்தையும் பார்த்துக்கும், டிக்-டிக் சத்தம் கூட ஸ்பீக்கர்லருந்து வரும். ஆனா கேக்க வேண்டிய கேள்விகள் கிட்டத்தட்ட இதேதான்.

மூணு கேள்வி

முதல் கேள்வி: ஹசார்டு போட்டா எரியுதா?

அப்பா அமுக்கினார். "எரியுது பாப்பா. ரெண்டு அம்புக்குறியும் மின்னுது. சத்தமும் வருது."

இந்த ஒரு பதில்ல பாதி வேலை முடிஞ்சது. ஹசார்டும் இண்டிகேட்டரும் ஒரே ரிலே, ஒரே பல்புகள். அப்ப ரிலே உயிரோட இருக்கு. பல்பு பக்க வயரிங்கும் சரி. இப்படித்தான் நான் அன்னைக்கு நினைச்சேன். அப்பா என்ன சொன்னார்னு மறுபடி பாருங்க. "அம்புக்குறி மின்னுது"ன்னுதான் சொன்னார். "பல்பு எரியுது"ன்னு சொல்லல. இதுக்கு அப்புறம் வரேன்.

ரெண்டாவது கேள்வி: ஃப்யூஸ் போயிருக்கா?

ஃப்யூஸ் பெட்டி மூடியில எந்த ஃப்யூஸ் எதுக்குன்னு போட்டிருக்கும். மூடியைப் படிக்கச் சொன்னேன். இந்தக் கார்ல இண்டிகேட்டருக்கும் ரிவர்ஸ் லைட்டுக்கும் ஒரே ஃப்யூஸ். அப்புறம் எதுக்குக் கழட்டிப் பார்க்கணும்? சாவியை ஆன் பண்ணி, கியரை ரிவர்ஸ்ல போடச் சொன்னேன். அம்மா பின்னாடி போய்ப் பார்த்தாங்க. "வெள்ளை லைட்டு எரியுது"ன்னாங்க. ஃப்யூஸ் நல்லா இருக்கு.

ஃப்யூஸ் போயிருந்தா என்ன பண்ணணும்னும் சொல்லிடறேன். அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போடணும். 10 போன இடத்துல 20 போட்டா, அடுத்த தடவை ஃப்யூஸ் உருகாது, வயர் உருகும். புதுசு போட்டதும் உடனே போச்சுன்னா எங்கயோ வயர் தோல் உரிஞ்சு பாடியில படுதுன்னு அர்த்தம். அதைத்தான் தேடணும்.

மூணாவது. இது கேள்வி இல்ல, ஒரு சோதனை. மிச்சம் இருக்கறது ரெண்டே இடம். ஹசார்டு பட்டனோட ஆஃப் பக்கத் தொடுப்பு, இல்லன்னா லீவர். லீவர்ல கோளாறுன்னா பெரும்பாலும் ஒரு பக்கம் வேலை செய்யும், இன்னொரு பக்கம் செய்யாது. இங்க ரெண்டும் ஒரே நாள்ல போயிருக்கு. அதனால பட்டன் மேல சந்தேகம். வருஷக்கணக்கா யாரும் தொடாத பட்டன் அது. உள்ள இருக்கற உலோகத் தொடுப்புல தூசியும் களிம்பும் படிஞ்சிருக்கும்.

"அப்பா, அந்தச் சிவப்பு பட்டனை 20 தடவை அமுக்கி அமுக்கி எடுங்க."

"வெளையாடறியா?"

"அமுக்குங்கப்பா."

போன்லயே சத்தம் கேட்டுச்சு. டக், டக், டக். அப்புறம் லீவரைத் தள்ளச் சொன்னேன். டிக்... டிக்... டிக்...

அப்பா சிரிச்சார். "ஸ்விட்ச் மாத்தற காசு மிச்சம்டி பாப்பா"ன்னார். பெருமையா இருந்துச்சு எனக்கு. இது நிரந்தரத் தீர்வு இல்ல, பட்டனைக் கழட்டி கான்டாக்ட் கிளீனர் அடிக்கணும், இல்லன்னா பட்டனை மாத்தணும்னு சொல்லிட்டு, போனை வைக்கப் போனேன்.

அம்மா சொன்னது

பழக்க தோஷம். ஒரு ஃபிக்ஸ் போட்டா கடைசியா ஒரு தடவை முழுசா டெஸ்ட் பண்ணுவோம் இல்லையா? "அம்மா, பின்னாடியே நில்லுங்க. அப்பா, லெப்ட் போடுங்க"ன்னேன்.

"எரியுது."

"இப்ப ரைட்."

"எரியலையே."

"சத்தம் வருதேடி"ன்னார் அப்பா. அம்புக்குறியும் ஒழுங்கா மின்னுது. முன்னாடி பல்பும் மின்னுது. பின்னாடி வலது பக்கம் மட்டும் இருட்டு.

"எப்பலருந்துப்பா?"

பதில் வரல. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன். இல்ல. அப்பா பேசாம இருந்தார். அப்புறம் சொன்னார்.

ரெண்டு வாரம் முன்னாடி, சாயங்காலம், பாவு கொடுத்துட்டு திரும்பி வந்திருக்கார். ஊருக்கு வெளிய, டீக்கடை தாண்டி, வலது பக்கச் சந்துல திரும்பணும். இண்டிகேட்டர் போட்டிருக்கார். டிக்-டிக் கேட்டிருக்கு. திரும்பினார். பின்னாடி ஒரு பையன் பைக்ல பால் கேனோட வந்திருக்கான். கார் வேகம் குறையறதைப் பார்த்துட்டு, சரி வழி விடறார்னு வலது பக்கமா ஏறியிருக்கான். கார் குறுக்க வரவும் பிரேக் அடிச்சான். வண்டி சறுக்கி விழுந்துட்டான். காரில் படல, அது வரைக்கும் புண்ணியம். உள்ளங்கை உரிஞ்சு போச்சு, முட்டி கிழிஞ்சு போச்சு, பால் மொத்தமும் ரோட்டுல.

பையன் எழுந்து, "இண்டிகேட்டர் போட மாட்டீங்களா?"ன்னு கத்தியிருக்கான். அப்பா, "போட்டுட்டுதாண்டா வந்தேன், கண்ணு தெரியலயா உனக்கு?"ன்னு திருப்பிக் கத்தியிருக்கார். டீக்கடையில இருந்தவங்க எல்லாம் அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க. வயசானவர், நிதானமா ஓட்டறவர். பையனோ சின்னப் பையன், பைக். எல்லாரும் பையனைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. கடைசியில அந்தப் பையன்தான் அப்பாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போனான்.

"அவன் சொன்னது நெஜம்தான் போலருக்கே பாப்பா"ன்னார் அப்பா.

அவருக்கு இன்னும் ஒண்ணு தெரியாது. அந்த லைட் எரியாததுக்கு கார் அவருக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கணும். அந்த எச்சரிக்கையைப் பிடுங்கினது நான்.

அந்தச் சத்தம் எதுக்கு?

கொஞ்சம் பின்னாடி போவோம். சிக்னல்ங்கறது முதல்ல கையாலதான் இருந்துச்சு. நம்ம சட்டத்துல, 1988 மோட்டார் வாகனச் சட்டம் 121-வது பிரிவுல, ஓட்டுறவர் உரிய சிக்னல் காட்டணும்னு இருக்கு. வலது பக்கம் திரும்ப வலது கையை நேரா வெளிய நீட்டறது, இடது பக்கம் திரும்ப நீட்டின கையைச் சுத்தறது, இதெல்லாம் லைசென்ஸ் எடுக்கும்போது படிச்சிருப்பீங்க. கை காட்டும்போது ஒரு வசதி, கை வெளிய இருக்கான்னு சந்தேகமே வராது. அது உங்க கை.

அடுத்து கை மாதிரியே ஒரு குச்சி வந்துச்சு. பழைய மோரிஸ் மைனர் கார் படம் கிடைச்சா பாருங்க. கதவுக்குப் பக்கத்துத் தூண்லருந்து சின்னதா ஒரு கை வெளிய நீட்டும், உள்ள விளக்கு எரியும். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா தெரியும். அப்புறம்தான் மின்னற லைட். அமெரிக்காவுல பியூக் கம்பெனி 1939 கார்கள்ல மின்னற இண்டிகேட்டரைக் கொடுத்தது. அதுக்கப்புறம் உலகம் முழுக்க அதுவே ஆயிடுச்சு.

இங்க ஒரு விஷயம் மாறிப்போச்சு. லைட் பின்னாடி இருக்கு, நீங்க முன்னாடி இருக்கீங்க. நீங்க அனுப்பற செய்தி போச்சா இல்லையான்னு உங்களால பார்க்க முடியாது. உங்களுக்கு மிஞ்சறது டேஷ்போர்டு அம்புக்குறியும் அந்தச் சத்தமும்தான்.

அதனாலதான் ரிலேவுக்குள்ள ஒரு புத்தி வச்சாங்க. சாதாரண இண்டிகேட்டர் பல்பு 21 வாட். 12 வோல்ட்ல ஒரு பல்பு சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, மொத்தம் சுமார் 3.5 ஆம்பியர். ரிலே அந்தக் கரண்டை அளந்துக்கிட்டே இருக்கும். ஒரு பல்பு போச்சுன்னா கரண்ட் பாதியா குறையும். உடனே ரிலே வேகமா அடிக்க ஆரம்பிக்கும். டிக்டிக்டிக்டிக்னு, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம். நம்ம நாட்டு விதிப்படி, 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல, இண்டிகேட்டர் நிமிஷத்துக்கு 60-லருந்து 120 தடவைக்குள்ள மின்னணும். அதைத் தாண்டி வேகமா அடிச்சா, பல பேர் ரிலே கெட்டுப்போச்சுன்னு நினைக்கறாங்க. இல்ல. ரிலே நல்லா வேலை செய்யுது. "ஒரு பல்பு போச்சு, இறங்கிப் பாரு"ன்னு சொல்லுது.

நான் பண்ணது

இப்ப என் வாக்குமூலம். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, அப்பா காருக்கு எல்.இ.டி. பல்பு வாங்கிட்டுப் போனேன். ஆன்லைன்ல விலை குறைச்சலா கிடைச்சது. நாலு இண்டிகேட்டர்லயும் மாட்டினேன். பளிச்சுன்னு இருந்துச்சு. ஆனா டிக்டிக்டிக்டிக்னு வேகமா அடிச்சுச்சு.

ஏன்னு இப்ப உங்களுக்கே தெரியும். எல்.இ.டி. ரொம்பக் கொஞ்சம் கரண்ட்தான் இழுக்கும். பல்பு போயிடுச்சுன்னு ரிலே நினைச்சுக்குது. அப்பா கேட்டார், "ஏன் பாப்பா இப்படி அடிக்குது?"

எல்.இ.டி.-க்குன்னே தனி ரிலே கிடைக்குதுன்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். வாங்கி மாட்டினேன். சத்தம் நார்மல் ஆயிடுச்சு. பிரச்சினை முடிஞ்சதுன்னு நினைச்சேன். நான் வாங்கின அந்த ரிலே கரண்டை அளக்கறதே இல்ல. நாலு பல்பு இருந்தாலும் சரி, ஒண்ணுமே இல்லன்னாலும் சரி, அது பாட்டுக்கு ஒரே தாளத்துல டிக்-டிக்னு அடிக்கும்.

சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இது புரியும். ஒரு அலர்ட் சும்மா சும்மா கத்துது. காரணம் தேட நேரமில்லாம மியூட் பண்ணிடறோம். அமைதியா இருக்கு, எல்லாம் நல்லா இருக்கற மாதிரியே இருக்கு. ஒரு நாள் நெஜமாவே சர்வர் விழும்போது யாருக்கும் தெரியாது. என் வேலையில யாராவது இப்படிப் பண்ணா நான் முதல் ஆளா சண்டை போடுவேன். அப்பா கார்ல நானே பண்ணியிருக்கேன், பெருமையா ஸ்டேட்டஸ் வேற வச்சிருக்கேன்.

அப்பாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவர் காதால வேலை செய்யறவர். தறியில உக்காந்தா நாடா ஓடற சத்தம் கொஞ்சம் மாறினாலும் கையை நிறுத்திடுவார். அப்புறம்தான் கண்ணால தேடுவார். நாப்பது வருஷப் பழக்கம். அப்படிப்பட்டவருக்கு ஒரு பொய்ச் சத்தத்தைக் கொடுத்துட்டேன். அவர் அதை நம்பித்தான் அந்தச் சந்துல திரும்பினார், அந்தப் பையனைத் திட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை

அன்னைக்கு ராத்திரியே கிளம்பி, மேல்மருவத்தூர், வந்தவாசி வழியா ஊருக்குப் போயிட்டேன். காலையில முதல் வேலை, பின்னாடி வலது பல்பைக் கழட்டினேன். அதை அப்படியே இடது ஹோல்டர்ல மாட்டினேன், எரியல. இடது பல்பை வலது ஹோல்டர்ல மாட்டினேன், எரிஞ்சது. ஹோல்டர், வயர், எர்த் எல்லாம் சரி, பல்புதான் செத்திருக்குன்னு இதுலயே தெரிஞ்சிடும். மீட்டர் எதுவும் தேவைப்படல.

நாலு எல்.இ.டி.-யும் கழட்டிப் போட்டுட்டு, சாதாரண ஆரஞ்சு பல்பு வாங்கி மாட்டினேன். வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. வெள்ளைக் கண்ணாடி உள்ள விளக்குக்கு ஆரஞ்சு நிற பல்பு. அதோட ரெண்டு முளையும் நேர் எதிர்ல இருக்காது, கொஞ்சம் கோணலா இருக்கும். வெள்ளை பல்பை அழுத்தித் திணிக்காதீங்க. இண்டிகேட்டர் வெள்ளையா எரியக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்காங்க.

பழைய ரிலேவைத் தூக்கிப் போடாம அப்பா டூல் டப்பாவுல வச்சிருந்தார். அதைத் திரும்ப மாட்டினேன். அப்புறம் அப்பாவை சீட்ல உக்கார வச்சு, வேணும்னே பின்னாடி ஒரு பல்பைக் கழட்டிட்டு, "இப்ப ரைட் போடுங்கப்பா"ன்னேன்.

டிக்டிக்டிக்டிக்.

அப்பா தலையைச் சாய்ச்சுக் கேட்டார். "பொங்கலுக்கு அடிச்ச சத்தம் இது."

"ஆமாப்பா. இது வந்தா ஒரு பல்பு எரியலன்னு அர்த்தம். நான்தான் இந்தச் சத்தத்தை நிறுத்திட்டேன். அன்னைக்குத் தப்பு உங்க மேல இல்ல, என் மேல."

அவர் என்னைத் திட்டல. "கண்ணாடியில ஒரு தடவை பார்த்திருந்தா அவன் வர்றது தெரிஞ்சிருக்கும். அது என் தப்பு"ன்னார். அப்புறம் சட்டையை மாத்திட்டு வந்தார். "வா, அந்தப் பையன் வீடு எதுன்னு பால் சொசைட்டியில கேப்போம்."

வீட்டைக் கண்டுபிடிச்சுட்டோம். பையனுக்கு 19, 20 வயசு இருக்கும். உள்ளங்கையில புதுத்தோல் வந்துட்டிருந்துச்சு. எங்களைப் பார்த்ததும் மறுபடி சண்டைக்கு வந்திருக்கோம்னு நினைச்சு, அவங்க அம்மா முன்னாடி வந்து நின்னாங்க. அப்பா நின்னுக்கிட்டே சொன்னார்: "தம்பி, அன்னைக்கு நீ சொன்னதுதான் நெஜம். பின்னாடி லைட்டு எரியல. எனக்குத் தெரியல. உன்னை எல்லார் முன்னாடியும் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

பையன் என்ன சொல்றதுன்னு தெரியாம நெளிஞ்சான். "நானும் கொஞ்சம் வேகமாத்தான் பெரியப்பா வந்தேன்"ன்னான். அவங்க அம்மாதான் பேசினாங்க. "அன்னைக்கு நாங்களும் இவனைத்தான்யா திட்டினோம். லைட்டு எரியவே இல்லம்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தான். யாரும் நம்பல."

பால் காசை அப்பா கொடுத்தார். முதல்ல வேண்டாம்னாங்க, அப்புறம் வாங்கிக்கிட்டாங்க. திரும்பும்போது அப்பா காரை டீக்கடைகிட்ட நிறுத்தினார். எனக்கு டீ குடிக்கற மூடே இல்ல. ஆனா அவர் இறங்கி, கடைக்காரர்கிட்டயும் பெஞ்சுல இருந்தவங்ககிட்டயும் முழுக் கதையும் சொன்னார். பையன் மேல தப்பு இல்லன்னு. "இங்கதானே அவனைப் பேசினோம், இங்கதானே சொல்லணும்"ன்னார் கார்ல ஏறும்போது.

நீங்க செய்ய வேண்டியது

சரி, உங்க வண்டிக்கு வருவோம். சுருக்கமா சொல்றேன்.

ரெண்டு பக்கமும் வேலை செய்யல, ஹசார்டும் இல்லன்னா, ரிலே, ரிலேவுக்கு வர்ற கரண்ட், அதோட எர்த், இதைப் பாருங்க. ஹசார்டு மட்டும் எரியுதுன்னா, இண்டிகேட்டர் ஃப்யூஸ், ஹசார்டு பட்டன், அப்புறம்தான் லீவர். ஒரு பக்கம் மட்டும் இல்லன்னா ரிலே மேல சந்தேகப்படாதீங்க. அது ரெண்டு பக்கத்துக்கும் பொது. எரியுது ஆனா மின்னல, அப்படியே நிக்குதுன்னா ரிலே. வேகமா அடிக்குதுன்னா அந்தப் பக்கத்துல ஒரு பல்பு. இண்டிகேட்டர் போட்டா பின்னாடி சிவப்பு லைட்டும் சேர்ந்து தாளம் போடுதுன்னா, பின் விளக்கோட எர்த் துரு பிடிச்சிருக்கு.

எல்.இ.டி. மாட்டியே ஆகணும்னா மாட்டிக்கோங்க. ஆனா பல்பு போனா சொல்ற வசதி உங்க வண்டியில இருக்கா, போயிடுச்சான்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. ஒரு பல்பைக் கழட்டிட்டு இண்டிகேட்டர் போட்டா ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

அதை விட முக்கியம், வாரத்துக்கு ஒரு தடவை இறங்கிப் பாருங்க. ஹசார்டு போட்டுட்டு வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தா நாலு பல்பும் பார்த்தாச்சு. தனியா இருந்தா, ராத்திரி ஒரு சுவர் பக்கத்துல ரிவர்ஸ்ல நிறுத்துங்க, வெளிச்சம் சுவர்ல தெரியும். பிரேக் லைட்டையும் அப்படியே பார்த்துடலாம்.

இன்னொண்ணு. நாற்சந்தியில நேரா போறதுக்கு நாலு இண்டிகேட்டரையும் போடறாங்களே, அதை விட்டுடுங்க. இடது பக்கம் நிக்கறவருக்கு உங்க இடது லைட் மட்டும்தான் தெரியும். நீங்க இடது பக்கம் திரும்பறீங்கன்னு நினைச்சு அவர் கிளம்பிடுவார்.

அப்பா இப்ப தினமும் காலையில கார் எடுக்கும்போது அம்மாவைக் கூப்பிடறார். அம்மா வாசல்லயே நின்னு, "எரியுது, எரியுது"ன்னு ரெண்டு தடவை சொல்றாங்க. அதுக்கப்புறம்தான் வண்டி கிளம்புது. நானும் ஆபீஸ் போனதும் திங்கட்கிழமை முதல் வேலையா, எங்க டீம் மியூட் பண்ணி வச்சிருந்த அலர்ட் எல்லாத்தையும் லிஸ்ட் எடுத்தேன். சிலதை ஏன் நிறுத்தினோம்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. ஒவ்வொண்ணா பார்த்துட்டு இருக்கோம்.

நீங்க கேக்கறதை நிறுத்திட்டு இப்பவே பார்க்கிங்ல போய் ஒரு சுத்து சுத்திப் பார்த்தா ரொம்ப சந்தோஷம். எதாவது ஒரு பல்பு எரியலன்னா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.